எட்டாவது யூரர்

வவுனியா,
11.4.1976

அன்புள்ள தம்பி மகேந்திரராஜாவுக்கு,

நாங்கள் இங்கே சுகம். கடல் கடந்த ஊரில் நீங்களும் குடும்பமும் சுகமாயிருக்க வேண்டும்.

உறையின் மேல் 'நியாயதாசன்' என்ற உங்கள் புனைபெயரும் உள்ளே சொந்தப் பெயரும் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டிருப்பீர்கள். பயப்பட வேண்டாம். பத்திரிகை ஆசிரியர் உறையை மட்டும்தான் பார்த்து உங்களுக்கு அனுப்பி வைப்பார்.

நான் யோகா. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்தில் என் வழக்கை எடுத்து நடத்திய பிறக்கிராசி இரத்தினசிங்கம் ஐயாவின் கந்தோரில் என் வாக்குமூலத்தை எழுதியவர் நீங்கள். புருஷனுக்குக் கோப்பியில் பூச்சிமருந்து கலந்து கொடுத்தேன் என்று வழக்கு. தீர்ப்புச் சொல்ல இருந்த ஏழு யூரர்மாரில் ஐந்து பேர் நான் குற்றவாளி இல்லை என்றார்கள். இரண்டு பேர் குற்றவாளி என்றார்கள்.

உங்கள் 'எட்டாவது யூரர்' தொடர்கதையை முதல் வாரத்திலிருந்து வாசிக்கிறேன். பதினாலாம் அத்தியாயத்தில்தான் எழுதுவது யார் என்று தெரிந்தது. உங்கள் கதாநாயகி, புருஷன் கோப்பியோடு தோட்டத்துக்குப் போன பிறகு, அவன் பின்னால் வாசல் படலை வரை ஓடுகிறாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருகிறாள். அதை நான் ஐயாவிடமும் உங்களிடமும் மட்டும்தான் சொன்னேன். "இதைச் சொன்னால் எதிர்த்தரப்பு விடாது, வெட்டு" என்றார் ஐயா. நீங்கள் பேனையால் வெட்டினீர்கள். ஐயா இப்போது இல்லை.

கோபித்து எழுதவில்லை, தம்பி. வழக்குக் கதை எது வந்தாலும் நான் வாசிப்பேன். மற்றவர்கள் குற்றவாளியைக் கண்டுபிடிக்க வாசிக்கிறார்கள். நான் அந்த இரண்டு பேருக்காக வாசிக்கிறேன். எதைக் கண்டு அப்படி நினைத்தார்கள் என்று ஏதாவது ஒரு கதையிலாவது அகப்படாதா என்று பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் கதை எப்படி முடியப்போகிறது?

அன்புடன்,
யோகா அக்கா

ஹோம்புஷ், சிட்னி,
2.5.1976

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் பிரித்தேன். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு இரண்டாம் தரமும் வாசித்தேன்.

இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. சட்டம் படிக்கும் ஆசையோடு வந்தவன் தபால் மண்டபத்தில் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போடுகிறேன். ஐயாவின் கந்தோரில் கிளாக்கராக இருந்த என் அனுபவத்தை இங்கே ஒருவரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. மனைவி விஜயா ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். மேற்குக் காற்று அடித்தால் வீடு முழுக்க இறைச்சிக் கொட்டிலின் வாடை. மற்றபடி குறையில்லை.

காலையில் ரயிலில் பார்த்தால் நாலு பேரில் ஒருவர் கையில் வழக்குக் கதை. ஒருநாள் எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, குறுக்கு விசாரணை நடக்கும் இடம் போலிருக்கிறது, இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டார். தெரிந்ததும் சிரித்துவிட்டு, இருந்து தொடர்ந்து வாசித்தார். ஒருவரை அப்படி இருத்திவைக்க நம்மாலும் முடியுமா என்று அன்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது வேறு எந்த வழக்கும் வரவில்லை. நான் வெட்டிய அந்த வரிதான் வந்தது.

பெயர், ஊர் எல்லாம் மாற்றினேன். அதனால் ஒருவருக்கும் தெரியாது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் பிழை.

முடிவை இன்னும் எழுதவில்லை. கதையில் வழக்கு விடுதலையோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு திருப்பம் வேண்டும் என்று ஆசிரியர் நெருக்குகிறார். உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள்.

என்றும் கடமைப்பட்ட,
மகேந்திரராஜா

வவுனியா,
16.5.1976

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டபடியால் எழுதுகிறேன்.

என் மகள் ரஞ்சினிக்கு இப்போது பதினைந்து வயது. வழக்கு நடந்தபோது மூன்று. தகப்பன் காய்ச்சலில் செத்தார் என்று சொல்லித்தான் வளர்த்தேன். அதற்காகத்தான் ஊரை விட்டு இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்தேன். தையல் மெசினில் என் பிழைப்பு நடக்கிறது. வியாழக்கிழமை ரயிலில் பத்திரிகை வந்ததும் அவள் ஓடிப்போய் வாங்கி வருவாள். நான் தைக்க, அவள் உங்கள் கதையை உரத்து வாசிப்பாள். பக்கத்து வீட்டு நாகலட்சுமி அக்காவும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவா. சாட்சிக்காரி கூண்டில் ஏறும் இடங்களில் ரஞ்சினி குரலை மாற்றி வாசிப்பாள். நன்றாக வாசிப்பாள், தம்பி. நான் ஊசியைப் பார்த்தபடி இருப்பேன்.

'நீங்களே எட்டாவது யூரர், உங்கள் தீர்ப்பை அனுப்புங்கள்' என்று பத்திரிகையில் ஒரு துண்டு வந்ததே, அதை நிரப்பி அனுப்பியிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று எனக்குச் சொல்லவில்லை.

உங்கள் கதையை நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தில் அவள் அதைச் செய்யவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அப்படி ஒருவரும் சொன்னதில்லை. நீதிபதி என்னைப் போகலாம் என்றார், அவ்வளவுதான். ஐயாகூட ஒருநாளும் "நீ செய்தாயா?" என்று கேட்டதில்லை. கேட்காமலே வழக்கை நடத்தினார். ரஞ்சினியின் வாயால் அந்த ஒரு வரியைக் கேட்டால் போதும்.

அன்புடன்,
யோகா அக்கா

ஹோம்புஷ்,
13.6.1976

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உங்கள் கடிதம் கைக்கு வருவதற்கு நாலு நாள் முன்பே கடைசி அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். விமானத் தபால் போய்ச் சேர்ந்திருக்கும். இனித் தடுக்க வழியில்லை.

முடிவு நீங்கள் விரும்பியபடி இல்லை. அந்த வாரப் பத்திரிகையை வாங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வந்தாலும் ரஞ்சினியை வாசிக்க விடாதீர்கள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. விஜயாவுக்கு இருமல். மன்னியுங்கள்.

மகேந்திரராஜா

வவுனியா,
11.7.1976

தம்பிக்கு,

பத்திரிகையை எப்படி ஒளிப்பது? நாகலட்சுமி அக்கா வாங்கி வந்துவிட்டா.

ரஞ்சினி வாசித்தாள். விடுதலையான பெண் கிழவியாகி, சாகும் நேரத்தில் பாதிரியாரிடம் உண்மையைச் சொல்கிறாள்: தான் மருந்து கலந்த கோப்பியைப் புருஷன் குடிக்கப்போகிறானே என்று தடுக்கத்தான் படலை வரை ஓடினாள், பிறகு, குடிக்கட்டும் என்று திரும்பி வந்தாள். அந்த இடத்தில் நாகலட்சுமி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டா. ரஞ்சினி கைதட்டினாள்.

"நான் அப்பவே சொன்னனான் அம்மா, அவள்தான் செய்தவள் எண்டு. அந்தத் துண்டிலயும் அப்பிடித்தான் எழுதினனான்" என்றாள்.

நான் மெசினை நிறுத்தினேன். அக்கா போன பிறகு மகளைப் பக்கத்தில் இருத்தி எல்லாம் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்பது, மறியல் வீட்டில் அடைபட்டிருந்த ஏழு மாதம், ஐந்து பேர், இரண்டு பேர், எல்லாம். அது என் கதைதான் என்றேன். அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"நீங்கள் செய்தனீங்களோ?"

"இல்லை."

அதற்குப் பிறகு பத்து நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். தண்ணீரைத் தானே வார்த்துக் குடிக்கிறாள்.

நான் சொல்வதை அவள் நம்புவதற்கு ஒரு சான்றும் இல்லை, தம்பி. ஐயாவின் பைல்களைக் கறையான் தின்றுவிட்டதாம். நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டவர் உயிரோடு நீங்கள் ஒருவர்தான். அன்று நான் என்ன சொன்னேன் என்பதைக் கதை சேர்க்காமல் எழுதி, உங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். வெட்டிய வரியையும் எழுதுங்கள்.

யோகா

ஹோம்புஷ்,
25.7.1976

அக்காவுக்கு,

நீங்கள் கேட்டதை எழுதும் முன் வேறொன்றை எழுத வேண்டியிருக்கிறது. சென்ற கடிதத்தில் நான் சொன்னது பொய்.

உங்கள் கடிதம் மே மாதம் இருபத்தைந்தாம் திகதி கிடைத்தது. கடைசி அத்தியாயம் அப்போது என் பையில்தான் இருந்தது. இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் குற்றமற்றவள். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அதைத்தான் அனுப்புவது என்று உறையில் போட்டேன். ரயிலில் திரும்ப எடுத்து வாசித்தேன். உண்மையாக இருந்தது, ஆனால் அதை வாசிக்கும் எவரும் தரிப்பிடத்தைத் தவறவிட மாட்டார்கள் என்று தோன்றியது. ஒன்பது நாள் இரண்டையும் சுமந்து திரிந்தேன். பத்தாம் நாள் மற்றதை அனுப்பினேன். அதற்குப் பிறகும் ஒரு தந்தி அடித்திருந்தால் ஆசிரியர் நிறுத்தியிருப்பார். தந்திக் கந்தோர் நான் வேலை செய்யும் கட்டடத்திலேயே இருக்கிறது.

உங்கள் மீது எனக்குச் சந்தேகம் இருந்திருந்தால் இது இவ்வளவு பெரிய பாவமாக இராது. ஒருநாளும் இருந்ததில்லை. தெரிந்துதான் செய்தேன். இருநூறுக்கு மேல் பாராட்டுக் கடிதம் வந்திருப்பதாக ஆசிரியர் எழுதினார். ஒரு கட்டு அனுப்பியும் வைத்தார். எல்லாரும் அந்தப் படலையைத்தான் புகழ்கிறார்கள். விஜயா அவற்றை வாசித்துச் சந்தோஷப்பட்டாள். அவளிடம் உங்கள் கடிதங்களைக் காட்டினேன். வாசித்துவிட்டுப் பாராட்டுக் கட்டைத் திருப்பித் தந்தாள்.

நீங்கள் கேட்டது கீழே இருக்கிறது. தனித்தாளில் எழுதி, இங்கே சமாதான நீதவான் முன் கையெழுத்திட்டிருக்கிறேன்.

'1964ஆம் ஆண்டு நான் எழுதிய வாக்குமூலத்தில் திருமதி யோகா ஆனந்தராஜா சொன்னவை: முதல் நாள் எங்களுக்குள் சண்டை. "நீங்கள் செத்தால்தான் எனக்கு நிம்மதி" என்று சொன்னேன். அயலில் கேட்டது உண்மை. விடியக் கோப்பி போட்டேன். அவர் பேசாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். முதல் நாள் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கப் பின்னால் ஓடினேன். படலையில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் வீம்பு வந்தது. மத்தியானம் சாப்பிட வரட்டும், சொல்லலாம் என்று திரும்பி வந்தேன். பூச்சிமருந்துப் போத்தல் தோட்டத்துக் கொட்டிலில்தான் இருந்தது. அவர் என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை. என் சொல்லால்தான் செய்தாரோ என்று தெரியவில்லை.

இதைச் சொல்லி முடிக்கத் திருமதி யோகாவுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. இதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். "எட்டாவது யூரர்" கதையில் வரும் முடிவு என் கற்பனை.'

இதைப் பத்திரிகையிலும் வெளியிடட்டுமா? சொந்தப் பெயரில் வெளியிடத் தயாராக இருக்கிறேன். சொல்லுங்கள்.

மகேந்திரராஜா

வவுனியா,
22.8.1976

தம்பிக்கு,

தாள் வந்து சேர்ந்தது. நான் வாசிக்காமல் ரஞ்சினியிடம் கொடுத்தேன். அவள் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாசித்தாள். வெகு நேரம் வரவில்லை. பிறகு குசினிக்குள் வந்து, அடுப்படியில் இருந்த எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"ஏனம்மா நீங்கள் படலையில நிண்டனீங்கள்? கூப்பிட்டிருக்கலாமே" என்றாள்.

பன்னிரண்டு வருடமாக நான் என்னையே கேட்பதும் அதுதான். வேறு ஒருவர் வாயால் கேட்டபோது அழுகை வந்தது. அவளும் அழுதாள். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கியது.

பிறகு, இவ்வளவும் தெரிந்த ஆள் ஏன் அப்படி எழுதினவர் என்று கேட்டாள். எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று எழுதினார் என்றேன். அவள் அந்தத் தாளை நாலாக மடித்தாள்.

"நானும் ஆசைப்பட்டுத்தானே அம்மா வாசிச்சனான்" என்றாள். என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பத்திரிகையில் வெளியிட வேண்டாம். போட்டால் அதையும் கதையாகத்தான் வாசிப்பார்கள். நாகலட்சுமி அக்காவும் கதிரையோடு வந்துவிடுவா.

நீங்கள் பொய் சொன்னதை ஒத்துக்கொண்டு எழுதினீர்கள். எழுதாமலே விட்டிருக்கலாம். அதை நான் மறக்க மாட்டேன். மற்றதையும் மறக்க முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு உங்களுக்கு இனி எப்படிக் கடிதம் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் இதற்குப் பதில் வேண்டாம்.

விஜயாவின் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள். அங்கே கிடைக்குமோ தெரியாது என்று ஒரு சின்னப் பொட்டலம் தனித் தபாலில் போட்டிருக்கிறேன்.

யோகா