மாட்டுக்கு மட்டும் சுங்கம்

அக்டோபர் 7, 1968. திங்கள்
காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. வேலை: அம்மைப்பால் பதிவேடு, மண்ணெண்ணெய், முனியம்மா வீடு. அவளுக்கு நாள் நெருங்கிவிட்டது. முதல் பிள்ளையை இந்த ரோட்டில்தான் இழந்தாள், மாட்டு வண்டியிலேயே. இந்த முறை ஓசூர் ஆஸ்பத்திரிதான்.

பஸ்ஸோ ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட ரோட்டுக்குப் பாலத்தில் சுங்கம் வேறு கட்ட வேண்டுமா என்கிறார் பஸ் முதலாளி. வசூல் மட்டும் குறைவில்லாமல் நடக்கிறது.

8, செவ்வாய்
யூனியன் ஆபீஸ். என் மனு: பாலத்துச் சுங்க கேட் வசூலில் ரோட்டைப் போடுங்கள், பஸ்ஸை ஊர்வரை விடுங்கள். சேர்மன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பாலத்துக் காசு பாலத்துக்குத்தான் நர்சம்மா. பஸ்ஸுக்கு நாங்க ஏன் அழுவணும்?" பாலத்துக்கு என்ன செய்தார்களாம்? கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட். சுங்கக் குத்தகைதாரர் சாய்ந்து உட்கார ஓட்டுக் கொட்டகை. பி.டி.ஓ. தலையாட்டினார். மின்விசிறி சுற்றினாலும் ஆட்டுவார்.

போன வருடத்து மனுவுக்குக் கிடைத்த ஒரே பலன், கேட் பலகையில் ஒரு வரி. பிரசவ வண்டிக்குச் சுங்கம் இல்லை. அந்த வரியையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு அதுகூட வராது.

10, வியாழன்
சந்தை. சுங்கம் வண்டிக்கு இல்லை, பூட்டிய மாட்டுக்கு. ஆகவே நம் ஊர் மேதைகள் பாலத்தடியில் மாட்டை அவிழ்த்து ஆற்றில் இறக்கி ஓட்டுகிறார்கள். தக்காளி வண்டியைப் பாலத்தின்மேல் மனிதர்கள் தள்ளுகிறார்கள்! வண்டிக்காரன் கிருஷ்ணப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஏமாந்தவன்தாம்மா சுங்கம் கட்டுவான்." நானும் போனது அவன் வண்டியில்தான். இறங்கித் தள்ளினேன். வாராவாரம் தள்ளுகிறேன். வேறென்ன செய்ய.

மூடர் பட்டியல்:
1. சேர்மன்
2. பஸ் முதலாளி
3. கிருஷ்ணப்பா வகையறா

12, சனி
விடியற்காலையில் முனியம்மாவுக்கு வலி. கிருஷ்ணப்பா வண்டி. பத்து மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பாலத்தடியில் வண்டி நின்றது. அவன் மாட்டை அவிழ்த்தான். அவள் புருஷன் மாடுகளை ஆற்றில் இறக்கினான். நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

நடுப்பாலத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஆற்றில் மழைத் தண்ணீர், மாடுகள் மிரண்டு திரும்பி ஓடின. எதிர்க்கரையில் பஸ் ஹாரன் அடித்தது. போய்விட்டது.

கேட்காரன் ஓடி வந்தான். "பிரசவ வண்டிக்குச் சுங்கம் இல்லீங்களேம்மா! பலகையில போட்டிருக்குதே. மாட்டோடயே ஓட்டிக்கினு வந்திருக்கலாமே."

போர்வையை மறைப்பாகக் கட்டினோம். பெண். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. தெரிந்ததெல்லாம் செய்தேன். குழந்தை அழவே இல்லை.

முனியம்மா பிழைத்தாள். "பஸ்ஸு போயிடுச்சா நர்சம்மா?" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமைப் பட்டியலில் விட்டுப்போனது:
4. நான்