என் பாஸில் நீ போன ஷிப்ட்

இன்று காலை பட்டறை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் முனிராஜின் தம்பி நின்றுகொண்டிருந்தான். முனிராஜை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு என்னிடம் கேட், கிரில் வெல்டிங்குக்குச் சேர்ந்தவன். தம்பிக்கும் முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அண்ணனுடைய கையுறையை மாட்டிக்கொண்டு, அண்ணனுடைய முகக் கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"அண்ணனுக்கு ஜுரம்ணா. ஷிப்ட் வீணாவக் கூடாதுன்னு என்ன அனுப்பிச்சான். நான் பாத்துக்கறேன், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றான்.

 அவன்மேல் கோபப்பட முடியவில்லை. நம் ஊரில் இது ஒரு தப்பாகவே யாருக்கும் படாது என்று உனக்குத் தெரியும். "உங்கண்ணனுக்கு சம்பளத்தோட லீவு. ஜுரம் போனப்புறம் வந்தா போதும். நீ வூட்டுக்குப் போப்பா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். தன் வேலையில் ஏதோ குறை கண்டுபிடித்துத் துரத்துகிறேன் என்று நினைத்திருப்பான். கையுறையைக் கழற்றாமலே பாலகாட் ரோட்டில் இறங்கி நடந்தான்.

உள்ளே வந்து மேசை டிராயரைத் திறந்தேன். மாலூர் கம்பெனி கேட்டில் காட்டும் அந்த பாஸ் அங்கேதான் இருக்கிறது. நீல நாடா, ஒரு மூலை உடைந்த பிளாஸ்டிக் அட்டை, அதில் என் முகம், தேவா என்ற என் பெயர். போலீஸ்காரர் உன் சட்டை, செருப்போடு சேர்த்துக் கொடுத்தது. அந்த நாள் உன் நெஞ்சில் தொங்கியது என் முகம். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாரிக்குப்பம் ரயிலில் நாம் ஏறும் பெட்டி நினைவிருக்கிறதா? ஊர்காமில் ஏறி மாலூரில் இறங்குவோம். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் சீட்டாடுவார்கள். நீ மட்டும் நடுவில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு சட்டம் பேசுவாய். எவனாவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தேன் என்று வாய் திறந்தால் போதும், தொலைந்தான். "அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் குடுத்தானா? இல்லியா? அப்ப நீ இன்னா வேலைக்கு சேந்த? கேட் வரைக்கும் போயிட்டு வந்துகினு கீற, அவ்ளோதான்" என்பாய். பி.எப். பிடிக்கிறார்கள் என்றால், பிடிப்பது சரி, கட்டுகிறார்களா என்று போனில் பார்க்கச் சொல்வாய். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போ என்பாய். கான்ட்ராக்டர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால் பெரிய கம்பெனிதான் தர வேண்டும் என்று நீ சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஒருமுறை டிக்கெட் பரிசோதகரையே பிடித்துக்கொண்டு, "சார், உங்களுக்கு வார லீவு ஒழுங்கா குடுக்கறாங்களா?" என்று விசாரித்தாய். பெட்டியே சிரித்தது. அவர் யோசித்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ சொன்னதில் பாதி சரியாக இருக்கும், பாதி நீயே கட்டியதாக இருக்கும். ஆனால் டோக்கன் கதை மட்டும் எல்லோருக்கும் மனதில் நின்றது. உன் அப்பாவும் என் அப்பாவும் தங்கவயல் மைசூர் மைன்ஸில் ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். இறங்குமுன் மேலே பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். "மேல டோக்கன் தொங்குதுன்னா கீழ ஆளு கீறான்னு அர்த்தம். அத வெச்சிதான் தேடுவாங்க. காயிதத்துல உன் பேரு கீதுல்ல, அதாம்பா இப்ப டோக்கன். அது இல்லன்னா உன்ன யாரு தேடுவா?" என்பாய்.

இவ்வளவும் பேசியவன் நீதான்.

ஆனால் அதே அப்பாக்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவனுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவனுடைய டோக்கனில் தம்பியோ மச்சானோ இறங்குவான். மேஸ்திரிக்குத் தெரியும், மேலே இருக்கிற துரைக்கும் தெரியும், யாரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். இடம் பிடித்து வைப்பது என்று அதற்குப் பெயர். திரும்பி வரும்போது அவனுடைய இடம் அவனுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை ஏமாற்று என்று யாராவது சொல்லியிருந்தால் நம் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பில் அடி விழுந்திருக்கும். சுரங்கத்தை மூடினார்கள், கேஜ் துருப்பிடித்தது, இந்தப் பழக்கம் மட்டும் நம்மோடு ரயிலேறி மாலூர் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது உனக்கு பிரேக். வருஷக் கணக்கு சேர்ந்தால் கிராஜுவிட்டி தர வேண்டி வருமே என்று, நம்மைக் கம்பெனிக்கு அனுப்பிய கான்ட்ராக்டர் ஆட்களை முறை வைத்து நிறுத்துவான். கொஞ்ச நாள் கழித்துப் புதிதாகச் சேர்ந்தவன்போல எடுப்பான். உன் பெயரை எடுத்துவிட்டு, கூப்பிடும்போது வா என்றிருந்தான். எனக்கு டெங்கு ஜுரம். பாயிலிருந்து எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. நீ இளநீர் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ஈ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா, சீக்கா கீறவன வேலைய உட்டு எடுக்க முடியாது. சட்டமே கீது மச்சான்" என்றாய்.

"அத அந்தக் கான்ட்ராக்டர் படிச்சிக்கீறானா?" என்றேன்.

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. "அதான் பிரச்சன. சரி, சட்டம் ஒரு பக்கம் கெடக்கட்டும். மொதல்ல உன் எடத்த புடிச்சி வெக்கறேன். எனக்கும் பிரேக்கு, வூட்ல சும்மாதான கீறேன்." சூப்பர்வைசருக்கு என் முன்னாலேயே போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டாய். "யாரோ ஒருத்தன் வந்து மெஷின்ல நில்லுங்கப்பா, போதும்" என்றார் அவர். நீயே எழுந்து ஆணியில் தொங்கிய பாஸை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாய். "பாரு, உன்ன விட எனக்கு எடுப்பா கீது" என்று என் கோமதியிடம் காட்டிவிட்டுப் போனாய்.

மறுநாள் காலை கோமதியின் போன் அடித்தது. கம்பெனி கேட்டிலிருந்து பேசினார்கள். தூக்கிய இரும்பு பிளேட் சங்கிலியிலிருந்து நழுவிவிட்டது, உங்கள் வீட்டுக்காரர் போய்விட்டார் என்று என் பெயரைச் சொன்னார்கள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "இல்லீங்க, இங்கதான் படுத்துக்கினு கீறாரு" என்று சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. பிறகு சுவரைப் பார்த்தாள். ஆணி வெறுமையாக இருந்தது. அடுத்த லைனில் உன் மலர் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து வீட்டைத் தாண்டி நடக்க கோமதிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. மலரின் குரல் கேட்டபோது ஜுரத்திலும் எனக்கு எழுந்து நிற்க முடிந்தது.

அதன் பிறகு நடந்ததைக் கேள். கேட்டால் உனக்கே சிரிப்பு வரும். வேலையில் இறந்தவன் குடும்பத்துக்குச் சட்டப்படி சேர வேண்டியது சேரும் என்று ரயிலில் நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். மலரை அழைத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். எனக்கு ஜுரம், என் பாஸில் போனவன் அவன், சூப்பர்வைசருக்குத் தெரியும், நானே காதால் கேட்டேன் என்றேன். கான்ட்ராக்டர் பக்கத்து வக்கீல் எழுந்து, பதிவுப்படி அன்றைக்கு வேலை செய்தவர் தேவாதான், அவர் இதோ உயிரோடு நிற்கிறார், செத்தவர் பெயர் எங்கள் ஆட்களிலேயே இல்லை, பொய்ப் பாஸில் உள்ளே நுழைந்தவர் என்றார். பெரிய கம்பெனி, அது கான்ட்ராக்டர் சமாச்சாரம் என்றது. சூப்பர்வைசர் அப்படி ஒரு போனே வரவில்லை என்றார். என்னையும் மோசடிக்கு உடந்தை என்று வேலையிலிருந்து எடுத்தார்கள்.

அதிகாரி நல்ல மனிதர். கன்னடத்தில் மெதுவாகத்தான் சொன்னார். சூப்பர்வைசருக்குத் தெரிந்தேதான் அவரை நிற்க வைத்தார்கள் என்று உங்களைத் தவிர இன்னும் ஒருவர் சொன்னால் போதும், கேஸ் நிற்கும் என்றார். ஒருவர். நம் பெட்டியில் அத்தனை பேர் இருந்தார்கள். அன்று உன் பக்கத்து மெஷினில் நின்றவன் இருந்தான். சூப்பர்வைசர் உன்னைப் பார்த்து, "இன்னா, இன்னிக்கி நீ தேவாவா?" என்று கேலி பண்ணியதை அவன் அழுதுகொண்டே என்னிடம் சொல்லியிருந்தான். அங்கே வந்து சொல் என்றால் தலையைக் குனிந்துகொண்டான். "நானும் எங்க மாமன் பாஸ்ல ரெண்டு தபா போயிக்கீறேன்ணா. வாயத் தொறந்தா எல்லாரையும் தோண்டுவாங்க. புள்ளைங்க கீது" என்றான். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். ஒருவர் இடத்தை ஒருவர் பிடித்து வைத்த ஊரில், உன் இடம் எது என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. கேஸ் விழுந்துவிட்டது.

அன்று வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மலர் கேட்டது ஒன்றே ஒன்று. "துட்டு வேணாம்ணா. அவரு அங்க வேல செஞ்சாருன்னு ஒரு எடத்துலயாச்சும் அவரு பேரு கீதா?" நான் பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே புரிந்துகொண்டாள். இப்போது அவள் அதே ரயிலில் பெங்களூருக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறாள். ஆர்டர் கொடுத்தார்களா என்று ஒரு நாள் கேட்டேன். "அவரு மாதிரியே பேசாதீங்கண்ணா" என்றாள். அதோடு நான் கேட்பதில்லை.

பழைய சட்டங்களை எல்லாம் சேர்த்துப் புதிதாக எழுதிவிட்டார்கள். இனிமேல் வேலைக்கு எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஆர்டர் கொடுத்தே தீர வேண்டுமாம். நீ இருந்திருந்தால் பெட்டி முழுக்க மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பாய். ஒரு நாள் அதே ரயிலில் போனபோது நம் ஆட்களிடம் சொன்னேன். சீட்டாட்டத்திலிருந்து ஒருத்தரும் நிமிரவில்லை.

நான் இப்போது முதலாளி. சிரிக்காதே, இரண்டு பேருக்கு முதலாளி. இத்தனை சின்ன பட்டறைக்கு ஈ.எஸ்.ஐ. வராது, ஆனால் ஏதாவது ஆனால் பொறுப்பு முழுக்க என் தலையில்தான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். முனிராஜ் சேர்ந்த அன்றைக்கே ஆர்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை நாள் லீவு, நிறுத்துவதென்றால் முன்கூட்டிச் சொல்வேன் என்று எல்லாம் எழுதினேன். அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்தான். படித்தானா என்று கேட்காதே.

இன்று மத்தியானம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முனிராஜ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பல் கிட்டிக்க இறங்கினான். தம்பி பின்னால் நின்றான்.

"இன்னாண்ணா தப்பு பண்ணேன்? அவன எதுக்கு திருப்பி அனுப்பிச்சீங்க? வேற ஆளு பாத்துட்டீங்களா?"

"ஒரு ஆளும் பாக்கல. ஆர்டர்ல எழுதிக்கீது பாரு. ஜுரத்துக்கு லீவு உண்டு. உன் எடம் எங்கயும் போவாது."

"கீதுண்ணா, கீது" என்றான், குழந்தைக்குத் தலையாட்டுவது போல. "அந்த ஒரு கேட்டு மட்டும் முடிச்சிட்டுப் போறேன்." முகக் கவசத்தை எடுத்துவிட்டான்.  பிடுங்கிக்கொண்டேன். கத்திவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். உன்மேல் இருந்த கோபத்தை எல்லாம் அவன்மேல் காட்டினேன். நீ ஜுரக்காரனுக்காகப் போனாய், இவன் ஜுரத்தோடு வருகிறான். இரண்டு பேருக்கும் நான் என்ன சொல்லி என்ன ஆகப் போகிறது?

அவன் போய்விட்டான் என்று நினைத்தேன். சாயங்காலம் ஷட்டரை இழுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கண்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் புங்க மரத்தடியில் தம்பியின் தோளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். மத்தியானத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறான். தன் இடத்தில் வேறு யாராவது வந்து நிற்கிறார்களா என்று பார்க்க.

நான் எழுதிக் கொடுத்த காகிதம் அவன் பையில்தான் இருந்தது.

உன் பாஸை, என் பாஸை, இன்று டிராயரில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விசாரணையில் அவர்கள் காட்டிய அந்த நாளின் வருகைப் பதிவை உனக்குச் சொல்லவே இல்லையே. முதல் ஷிப்டுக்கு நான் உள்ளே போன நேரம் சரியாக இருக்கிறது. வெளியே வந்த நேரம் இருக்க வேண்டிய இடம் காலி. உன்னை எங்கும் எழுதவில்லை. என்னைத்தான் எழுதியிருக்கிறார்கள், இன்னும் உள்ளே இருக்கிறேன் என்று. பலகையில் டோக்கன் தொங்குகிறது மச்சான், ஒருவரும் தேடி வரவில்லை.