ஒரு வார் நீலம், ஒரு வார் மஞ்சள்

இன்று காலை அந்த ரப்பர் செருப்பைக் கழுவினேன். ஒன்றில் நீல வார், மற்றதில் மஞ்சள் வார். என் காலுக்குச் சற்றுப் பெரிது. இத்தனை வருஷமாகக் கடைத்தெருவுக்கு இதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன், அதனால் செங்கல்பட்டில் எங்கள் தெருவுக்கே இதைத் தெரியும். கழுவும்போது உன் மேல் கோபமாக வந்தது. இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவாய்?

இன்று மாதா கோயிலில் உனக்கு முப்பதாம் நாள் பூசை. என் வீட்டுக்காரரின் அண்ணன் நேற்றே வந்து உட்கார்ந்துவிட்டார். நம் வீட்டுப் பெண் கோயிலில் போய் உட்கார்ந்தால் ஜமாத்தில் யாருக்குப் பதில் சொல்வது என்றார். போயே தீருவேன் என்றதும் ஒரு படி இறங்கி வந்தார். பின்பக்கச் சந்து வழியாகப் போ, செருப்பைப் பையில் போட்டு உள்ளேயே எடுத்துக்கொண்டு போய்விடு என்றார். கோயிலுக்கு நேர் எதிரே அவருடைய துணிக்கடை, அதுதான் அவர் கஷ்டம். என் வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

ஆப்பிரிக்காவில் மலாவிக்குப் போன ஞாபகம் வந்தது. சிறுசேரி ஆபீஸிலிருந்து நம் இருவரையும் அங்கே ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை இல்லாமல் உனக்குப் பொழுது விடியாது. டிரைவர் தன் ஊர்க் கோயிலுக்கு அழைத்துப்போனார். நான் வண்டியிலேயே இருக்கிறேன் என்றேன். "சாமி இன்னா உன்ன கடிச்சுடவா போவுது? வாடி" என்று இழுத்துக்கொண்டு போனாய்.

வாசலில் நீ ஷூவைக் கழற்றினாய். பள்ளிவாசலிலும் அதே பழக்கம்தானே, நானும் கழற்றினேன். ஏழைப்பட்ட ஊர், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று உனக்குத் தெரியாமல் இரண்டு ஜோடியையும் ஒரு செடிக்குப் பின்னால் தள்ளினேன். உள்ளே போனால் எல்லார் காலிலும் செருப்பு, துடைத்துப் பளபளப்பாக்கிய ஷூ. அவ்வளவு பேரும் நம் பாதத்தையே பார்த்தார்கள். செருப்புக்கு வழியில்லாதவர்கள்தான் அங்கே வெறுங்காலோடு வருவார்களாம்.

முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒரு பெண் தன் செருப்பைக் கழற்றி என் காலருகே தள்ளினாள். அறுந்த வாருக்குப் பதில் வேறு வார் போட்ட செருப்பு. உனக்கு எவரோ ஓர் ஆளின் பெரிய ஷூ வந்தது. எங்களுக்கு வெளியே ஷூ இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"வாய மூடிக்கினு போட்டுக்கோ," என்றாய். "அவங்க மனசு நோவக்கூடாது."

பூசை முடிந்து திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை, சிரித்துக்கொண்டே வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாள். ஷூவை எங்கே காணோம் என்று நீ தேடியபோது செடியைக் காட்ட வேண்டியதாயிற்று. நீ திட்டவில்லை. "ஒளிச்சு வெச்சியா?" என்று மட்டும் கேட்டாய். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அதனால்தான் இன்று சந்து வழியாகப் போகவில்லை. முன்வாசல் வழியாகப் போனேன். எல்லாரும் செருப்பை ஓரமாக விட்டிருந்தார்கள், நான் படியின் நட்டநடுவில், துணிக்கடைக்கு நேராகக் கழற்றிவிட்டேன். பாட்டு எதுவும் எனக்குத் தெரியாது. அவர்கள் எழுந்தபோது எழுந்தேன், உட்கார்ந்தபோது உட்கார்ந்தேன், உன் பெயரைப் படித்தபோது அழுதேன்.

வெளியே வந்தபோது வீட்டுக்காரரின் அண்ணன் தன் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் இறுகியிருந்தது. நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டைக் கடந்து நேராக அவரிடம் போனேன்.

"பூசைக்குப் போயிருந்தேன் மச்சான்," என்றேன். கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் உள்ளே போய்விட்டார்.

இனி என்ன வருமோ, வரட்டும். செருப்பு வழக்கம்போல வாசலில்தான் கிடக்கிறது. நாளைக்கும் இதைப் போட்டுக்கொண்டு அந்தக் கடை வழியாகத்தான் போவேன். நான் ஒளித்து வைத்தது அந்த ஒரு தடவைதான்.