ஆறு கை பிஸ்கட் தூள்

உங்கள் அக்கா வீட்டில் சொகுசாக உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். நீங்கள் கோபித்துக்கொண்டு போய் மூன்று வாரமாகிறது. யார் என்ன சொன்னோம் என்றெல்லாம் நான் கிளறப் போவதில்லை.

விஷயம் வெள்ளை சாக்லேட் உருண்டை. வருஷா வருஷம் விடுமுறைக்கு நீங்கள் செய்வது. சின்னவள் ஒரே அடம். சுடாமல் செய்கிற பண்டம்தானே, இதில் என்ன பெரிய வித்தை என்று நானே இறங்கினேன். ஃபிரிட்ஜ் கதவில் நீங்கள் ஒட்டிவைத்த சீட்டில் இருந்தபடியே சாக்லேட்டை ஆவியில் உருக்கி, கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி, பிஸ்கட் தூள் ஆறு கை போட்டேன். நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தும் கூழாகவே கிடக்கிறது.

சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ அம்மா, அது அப்பா கைக்கு ஆறு!" என்கிறாள்.

முறம் மாதிரி கையை வைத்துக்கொண்டு, யாராவது அதையே அளவென்று எழுதி வைப்பார்களா? வீட்டில் கப் இல்லையா, கரண்டி இல்லையா? பன்னிரண்டு வருஷமாக இங்கே எல்லாமே உங்கள் கைக்கணக்குதான். உப்பு டப்பாவை எடுக்கக்கூட நான் ஸ்டூல் போட்டு ஏறுகிறேன்.

இன்னும் நாலு கை தூள் போட்டால் கெட்டியாகிவிடும். எனக்குத் தெரியாதா? பாக்கெட் பக்கத்திலேயேதான் இருக்கிறது. போட மாட்டேன்.

வியாழக்கிழமை விடுமுறை தொடங்குகிறது. அந்தக் கை வந்து போடட்டும். வாயை வேண்டுமானால் அக்கா வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சின்னக் கைக்காரி