அம்மாவின் பாதி

அன்புள்ள அக்கா,

மடத்தில் மௌனமாயிருந்து கடவுளின் குரலைக் கேட்கப் பழகுவதாக எழுதியிருந்தாய். பள்ளியை விட்டு வீட்டோடு இருக்கும் எனக்கு அம்மாவைத்தான் கேட்கத் தெரியும்.

அம்மாவுக்கு வாதம் வந்து பேச்சு போன பிறகும் மாலையில் ஜெபமாலை சொன்னோம். ஒவ்வொரு ஜெபத்திலும் முன்பாதி என்னுடையது, பின்பாதி அம்மாவுடையது. அதற்காக நிறுத்திக் காத்திருப்பேன்.

"என்னடி, பாதியிலயே தூங்கிட்டியா? மீதியையும் நீயே சொல்லித் தொலை," என்பாள் சித்தி.

"அம்மா சொல்லிட்டிருக்காங்க சித்தி."

உதடு அசையாது. மூச்சு மட்டும் கொஞ்சம் நீளும்.

நேற்று நான் நிறுத்தியபோது மூச்சு நீளவில்லை. சித்தி திட்டவில்லை. "போதும்டி கண்ணு," என்று என் தோளைப் பிடித்தாள். அப்போதும் காத்திருந்தேன்.

இன்று அடக்கம் முடிந்தது. உன்னை வெளியே விடமாட்டார்களாமே.

இனி மாலையில் முன்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவேன். பின்பாதியை அங்கிருந்து நீ சொல், அக்கா. சத்தமாகச் சொல்ல வேண்டாம்.

உன் தங்கை