பின் சீட்டில் யாரோ

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம்தான், ஆனால் எரிச்சலில் இருக்கிறேன்.

நீங்கள் சிரமமில்லாமல் ஏற வேண்டுமே என்று, உயரமான புது காம்பாக்ட் எஸ்யூவி கார் ஒன்றை இங்கே காக்ஸ் டவுன் ஷோரூமில் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்றம் மூக்கைத் துளைத்தது. கியர் போடுவது ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல் இருந்தது. சின்னப் பள்ளத்துக்கே டேஷ்போர்டு கடகடத்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் தனியாக வந்ததைப் பார்த்த சேல்ஸ்மேன், ஷோரூம் ஆட்கள் இருவரைப் பின்னால் ஏற்றிவிட்டான்.

"ஃபேமிலியோட போனா எப்படி இழுக்கும்னு தெரியணும்ல மேடம்! இவரு அப்பா, இவங்க அம்மான்னு வெச்சுக்கோங்க."

உங்கள் இடத்தில் இருந்தவர் குட்காவை மென்றுகொண்டே, "கால் நீட்ட நல்லா எடம் இருக்கும்மா" என்றார். கண்ணாடியில் அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லிச் சிரியுங்கள். இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது. கூரியரில் அனுப்பாதீர்கள், இருவரும் கொண்டு வாருங்கள். இனி எந்த வண்டியானாலும், நீங்கள் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்வேன்.

ஆபீஸ் கேப் டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

உங்கள்
வினோதினி