உன் பெயரில் நான் நுழைந்த நாட்கள்

இன்று காலையில் புதிய அமைப்பில் முதல் விண்ணப்பத்தைத் திறந்து, சரிபார்த்து அனுப்பினேன். உடனே என் கைப்பேசி சிணுங்கியது. திரையில் மலாயில் ஒரே ஒரு கேள்வி: இது நீங்கள்தானா? கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். பக்கத்து மேசைப் பெண் பட்டென்று ஆம் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அது ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தது. பிறகு, நேரம் முடிந்தது என்று தானே மூடிக்கொண்டது. நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

இதைத்தானே நீ கேட்டாய்? மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து ஒரே அமைப்பு. விடுதி, விடுப்பு, மாணவர் பதிவு எல்லாவற்றுக்கும் ஒரே சேவை மையம். நீ போய் இரண்டு வருடம் கழித்து அது வந்துவிட்டது. நன்றாகத்தான் ஓடுகிறது. உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாணவர் விடுதிப் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேசை. நீ வேலை பார்த்துக்கொண்டே படித்துத் துணைப் பதிவாளர் ஆனாய். நான் எழுத்தராகவே இருந்துவிட்டேன். எனக்குப் பொறாமையே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். முதல் ஒரு வருடம் இருந்தது. பிறகு யோசித்தேன். தம்போயிலிருந்து தினமும் உன் காரில்தான் வருகிறேன். பொறாமைப்பட்டுச் சண்டை வந்தால் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும். சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆபிசில் உன்னை 'புவான்' என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். காரில் ஏறிவிட்டால் 'ஏய்'தான். நீயோ எங்கே பார்த்தாலும் என்னைக் 'கிராணியம்மா' என்றாய். தோட்டத்து ஆபிசில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணும் எழுத்தருக்கு, உன் ஊர் சாஆவில் உன் ஆட்கள் சொல்லும் பெயராம் கிராணி. நான் அதிகாரம் பண்ணுகிறேனாம்!

உனக்கு ஒரு விஷயம் மட்டும் பொறுக்காது. அதிகாரி சீட்டில் இல்லை என்று ஒரு பிள்ளை திரும்பிப் போவது. பதினெட்டு வயதில் விடுதியில் இடம் கேட்டு சாஆவிலிருந்து அப்பாவோடு பஸ்ஸில் வந்திருக்கிறாய். கையெழுத்துப் போட வேண்டியவர் மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்கு வாங்க என்றார்கள். நாளைக்கு வந்தாலும் ஆள் இல்லை. மூன்றாவது தடவை அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. செம்பனை லாரி ஓட்டுகிறவருக்கு எத்தனை நாள்தான் கொடுப்பார்கள்? நீ தனியாக லார்க்கின் பஸ் நிலையத்தில் வந்து இறங்கி, நாள் முழுக்க அந்த ஆபிஸ் வாசலில் உட்கார்ந்து, கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தாய். இதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! ஒவ்வொரு தடவையும் அந்த அதிகாரியின் மீசையைத் திட்டாமல் முடித்ததில்லை.

அதனால்தான் மூன்று பல்கலைக்கழகங்களும் கூடிப் பேசத் தொடங்கியபோது நம் பக்கத்திலிருந்து போக நீயே முன்னால் வந்தாய். கூட்டம் முடிந்து வந்தால் கார் முழுக்க அதே பேச்சு.

“ஒரே சிஸ்டம் வந்தா மூனு எடத்துலயும் ஆளக் கொறைப்பாங்க லா. எங்க வேலதான் போவும்,” என்றேன் ஒரு நாள்.

“வேல போவாது கிராணியம்மா, வரிசைதான் போவும். ஒரு பிள்ளைக்கு ஒரு ஃபைல். எங்கேருந்து தட்டினாலும் தெறக்கணும். யாரு அப்ரூவ் பண்ணா, எப்ப பண்ணான்னு பளிச்சுனு தெரியணும். மீட்டிங்ல இருக்காருன்னு இனி எவனும் ஒளியக்கூடாது.”

யார், எப்போது என்று ஒவ்வொரு அங்கீகாரத்திலும் தெரிய வேண்டும் என்பதை நீ நிபந்தனையாகவே எழுதிக் கொடுத்தாய். மற்ற இரண்டு பல்கலைக்கழகத்துக்காரர்களும் தலையாட்டினார்கள். அப்படி எழுதிக் கொடுத்த அதே நீ, அடுத்த வருடம் உன் கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தாய்.

முதல் கீமோவுக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் கார் நின்றபோது சொன்னாய். ஒரு மலாய்ச் சொல், அதன் பின்னால் அப்பாவின் லாரி எண், கடைசியில் ஒன்று என்ற எண். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லும்போது கடைசி எண்ணை மட்டும் கூட்டிவிடுவாயாம். நான் பதறிப்போனேன்.

“அலமாக், இது தப்பு இல்லயா? நீதானே ரூல் போட்ட?”

“தப்புதான். நான் ஆஸ்பத்திரில கெடக்கேன்னு ஒரு பிள்ள திரும்பிப் போனா அது இன்னும் பெரிய தப்பு. நீயா எதுவும் முடிவு பண்ணாத. எனக்குப் போன் போடு, வாசி, நான் சொல்றேன், நீ தட்டு.”

அப்படியே நடந்தது. நான் வாசிப்பேன், நீ சொல்வாய், நான் தட்டுவேன். நர்ஸ் வந்தால் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொள்வாய். உடம்பு அவ்வளவு முடியாமல் இருந்தும், காகிதம் குறைகிற விண்ணப்பம் வந்தால் உன் குரல் ஏறிவிடும். “பேப்பர் இல்லாம கையெழுத்து இல்ல. இன்னிக்கு நாம பாவம் பாத்தா, நாளைக்கு பேப்பர் வச்சிருக்கிற பிள்ளைக்கு எடம் இருக்காது.” உன்னை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மேல்முறையீடுகள் இருந்தன. விடுதியில் இடம் கிடைக்காத புதிய பிள்ளைகளுடையவை. ஞாயிற்றுக்கிழமை பதிவு நாள். அப்போதெல்லாம் ஜொகூரில் வெள்ளி, சனிதானே விடுமுறை. நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். “குடு,” என்றாய். “குடு.” “இதுக்கும் குடு.” பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது, உன் சாஆவுக்குப் பக்கத்துப் பெக்கோக்கிலிருந்து ஒரு பெண். குடும்ப நிலைக்கு பெங்ஹுலுவின், அதாவது ஊர்த் தலைவரின் கடிதம் இணைக்கப்படவில்லை என்று வாசித்தேன்.

“எனக்கு அசதியா இருக்கு. அத நாளைக்குப் பாக்கலாம்,” என்றாய்.

பட்டியல் மொத்தமாகத்தான் விடுதிக்குப் போகும் என்பதால் பதினொன்றையும் தட்டாமல் வைத்தேன். புதன்கிழமை காலை நீ போய்விட்டாய்.

வியாழக்கிழமை உன்னை அனுப்பிவிட்டு வந்தோம். வெள்ளிக்கிழமை நான் படுக்கையை விட்டு எழவில்லை. சனிக்கிழமை காலை பஸ் ஏறி, காவலாளியிடம் சொல்லி ஆபிசைத் திறக்க வைத்து உள்ளே போனேன். உன் பணிகளை வேறு அதிகாரிக்கு மாற்றப் பத்து வேலை நாளாவது ஆகும். அந்தப் பிள்ளைகள் மறுநாள் பெட்டியோடு வந்து நிற்பார்கள். உன் கடவுச்சொல்லைத் தட்டினேன். 'நல்வரவு' என்று மலாயில் வந்து, அதன் கீழே உன் முழுப் பெயரும் வந்தது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அழுது முடித்துவிட்டுப் பதினொன்றையும் தட்டினேன்.

பன்னிரண்டாவதில் கை நின்றது. நீயாக முடிவு பண்ணாதே என்றிருந்தாய். நீ என்ன சொல்லியிருப்பாய் என்றும் எனக்கு நன்றாகத் தெரியும்: பேப்பர் இல்லாமல் இல்லை. ஆனால் பெக்கோக்கிலிருந்து வருகிற பெண் எந்த வாசலில் போய் உட்காருவாள்? தட்டிவிட்டேன். கடிதத்தை அந்தப் பெண்ணிடம் இரண்டு வாரம் கழித்து வாங்கிச் சேர்த்தேன். உன் பெயரில் உனக்குப் பிடிக்காத ஒன்றைச் செய்தேன். அது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மனிதவளப் பிரிவின் பதிவில் நீ இறந்துவிட்டாய். விடுதி அமைப்பில் உயிரோடு இருந்தாய். அந்த இரண்டு அமைப்பும் ஒன்றோடொன்று பேசாதவை. நீ எத்தனை கூட்டத்தில் கத்தியிருப்பாய் அதைப் பற்றி! எனக்கு அந்தக் கோளாறு வரமாகிவிட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு உன் பெயரில் உள்ளே போவேன். எதையும் தொடமாட்டேன். வலது மூலையில் உன் பெயரும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளியும் இருக்கும். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் மெதுவாகப் பேசவும் செய்வேன். இன்றைக்கு பஸ் தாமதம். உன் சீட்டில் புது ஆளைப் போடப் போகிறார்களாம், பார்த்தால் உனக்குப் பிடிக்காது. இப்படித்தான்.

ஆறு வாரம் ஓடியது. ஒரு காலையில், கடவுச்சொல் காலாவதியாகிறது, புதியதைத் தருக என்று வந்தது. கடைசி எண்ணைக் கூட்டினால் போதும். இன்னும் மூன்று மாதம் கிடைத்திருக்கும். பன்னிரண்டாவது விண்ணப்பத்துக்கு உனக்காக முடிவு எடுத்தவளுக்கு ஒரு எண்ணை மாற்றக் கை வரவில்லை. அது உன் அப்பாவின் லாரி, நீ மாற்ற வேண்டிய எண். வெளியே வந்துவிட்டேன். பிறகு நுழையவில்லை.

இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் மூன்று பல்கலைக்கழகப் பதிவுகளையும் ஒன்றாகச் சேர்த்தபோது, மனிதவளப் பதிவும் விடுதிப் பதிவும் முதல் தடவையாகப் பேசிக்கொண்டன. நீ கேட்டு வாங்கிய அமைப்புதான் நம்மைப் பிடித்தது. சேவை மையத்திலிருந்து தர்ஷினி என்று ஒரு பெண் திரையில் வந்தாள். வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவள், என் மகள் வயது இருக்கும். முதலில் 'புவான்' என்றாள். தமிழ் என்று தெரிந்ததும் 'அக்கா' ஆகிவிட்டது.

“அக்கா, ஒரு ஆபிசர் இறந்த பெறகு பன்னண்டு அப்ரூவல் இருக்கு. டேட்டா மாத்தும்போது தேதி தப்பா ஏறியிருக்கும்னு நெனைக்கிறேன். அவங்க இறந்ததுக்கு முந்தின நாள் தேதியப் போட்டு முடிச்சிடலாம். ஓகேவா?”

எவ்வளவு சுலபம், பார்! நான் ஒரு 'ஓகே' சொன்னால் போதும். ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம்தான் இருக்கிறது. இன்னொருவர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தியது தெரிந்தால் ஒழுங்கு நடவடிக்கை. வேலைக்கே ஆபத்து வரலாம். வாயைத் திறக்கப் போனேன்.

“ஒன்னு மட்டும் ஒதைக்குதுக்கா,” என்றாள் அவள். “பெக்கோக் பொண்ணோடது. பெங்ஹுலு லெட்டர் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் ஏறியிருக்கு, அதுக்கு முன்னயே குடுத்துருக்காங்க. அவங்க பேர்ல ஒரு ரிமார்க் மட்டும் போட வேண்டி வரும். பரவால்ல, அவங்கதான் இல்லயே.”

அவங்கதான் இல்லையே. அந்தப் பிள்ளை ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தலையணைக்கு அடியில் போனை ஒளித்துக்கொண்டும் காகிதம் கேட்டவள் நீ. அந்தக் குறை உன் பெயரோடு ஒட்டிக்கொண்டு மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் போகும். வந்து மறுக்க நீ இருக்கமாட்டாய்.

“தேதி சரிதான் மா,” என்றேன். “ஆளுதான் தப்பு. அவ செய்யல. நான்தான் செஞ்சேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

“அப்ரூவல் எல்லாம் ஒரே நாள். ஆனா அதுக்கப்புறமும் டெய்லி எட்டு மணிக்கு உள்ள போயிருக்கீங்க. ஒன்னுமே செய்யல. எதுக்குக்கா?”

“அவ பேரப் பாக்க.”

அவள் தட்டச்சு நின்றது. அந்தக் கேள்விக்குப் படிவத்தில் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள், நான் நின்றுகொண்டே பதில் சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், எனக்குத்தான் கால் மடங்கவில்லை. எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். உன் மேல் எந்தக் குறிப்பும் போடவில்லை. சிகிச்சையில் இருந்தவள் கடவுச்சொல்லைக் கொடுத்ததை விசாரித்து என்ன செய்வது என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும். பெக்கோக் பெண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் இப்போது கடைசி வருடத்தில் இருக்கிறாள்.

நேற்று தர்ஷினி திருத்திய பதிவை அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு அங்கீகாரங்களும் என் பெயருக்கு மாறியிருந்தன. உன் வரி துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம்தான் உன் பெயருக்கு நேரே, கடைசியாக இயங்கிய நாள் என்ற கட்டத்தைப் பார்த்தேன். நீ போன பிறகான என் நுழைவுகளை எல்லாம் உன் பதிவிலிருந்து எடுத்துவிட்டு, மனிதவளப் பதிவில் இருந்த தேதியைப் போட்டுவிட்டார்கள். அந்தப் புதன்கிழமையோடு நீ முடிந்துபோயிருந்தாய். நான் உண்மையைச் சொன்னதால் நீ ஆறு வாரம் முன்னதாகவே போய்விட்டாய், டி.

சொன்னதற்காக வருத்தப்படவில்லை. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த ஆறு வாரமும் இப்போது எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த அமைப்பிலும் கிடையாது. யார் தேடினாலும் வராது. அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை; கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.